முழந்தாளிடும் கால்

வெள்ளவத்தை, கொழும்பு
16.01.1995

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி செபநாயகம் எழுதுவது. நானும் யோசப்பினும் மாதாவின் காவலில் குறையில்லாமல் இருக்கிறோம். உங்கள் கால் வீக்கம் வற்றிவிட்டதா? சண்டை நின்றிருப்பதால் இனிக் கடிதங்கள் கெதியாக வந்து சேரும் என்று நம்புகிறேன்.

போன கிழமை சுனேத்திரா வீட்டுக்கு வந்திருந்தாள். நம் தங்கச்சி ராணி இங்கே உலோக வேலையும் வடிவமைப்பும் படித்த காலத்தில் அவளோடு ஒரே அறையில் இருந்த சிங்களப் பிள்ளை. எண்பத்து மூன்று யூலைக் கலவரத்தில் ராணியின் பட்டறையை எரித்தபோது அவளைத் தன் வீட்டில் ஒளித்து வைத்துக் கப்பல் ஏற்றி அனுப்பியவளும் அவள்தான். ராணி மூளைக் காய்ச்சலில் போய் ஒரு வருடம் கழிந்த பிறகுதான் அவளுக்குத் தெரிய வந்திருக்கிறது. வாசலிலேயே உட்கார்ந்து அழுதாள்.

பிறகு ஒரு யோசனை சொன்னாள். ராணி கையால் செய்தவற்றைத் திரட்டி ஒரு கண்காட்சி. யூனில் கொழும்பில், பிறகு நல்லூர்த் திருவிழா நாட்களில் யாழ்ப்பாணத்தில். இங்குள்ள அவளுடைய பழைய கூட்டாளிகளும் அங்குள்ளவர்களும் சேர்ந்து செய்வது. இங்கே செய்ததை அங்கேயும், அங்கே செய்ததை இங்கேயும் சனம் பார்க்க வேண்டும் என்கிறாள். பாதை திறந்திருக்கும் இந்த நேரத்தை விட்டால் இனி எப்போது?

உங்கள் சம்மதம் இல்லாமல் எதுவும் செய்ய மாட்டேன்.

பதிலைப் பார்த்திருக்கும் தம்பி,
செபநாயகம்

*

நல்லூர்
12.02.1995

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா கத்தரீனா எழுதுகிறேன். நான் சுகம். கால் வீக்கம் என்னோடு குடியிருக்க முடிவு செய்துவிட்டது. யோசப்பின் முன்புபோல மெலிந்துதான் இருக்கிறாளா?

உன் கடிதத்தை வாசித்ததும் முதலில் எனக்குக் கோபம்தான் வந்தது. மருந்து கிடைக்காமல் செத்தவளுக்கு இப்போது மண்டபம் எடுத்து விளக்குப் போட்டு என்ன காட்டப் போகிறார்கள்? இரண்டு நாள் கடிதத்தை மேசையில் கவிழ்த்து வைத்திருந்தேன். பிறகு சைக்கிளில் மருதனார்மடத்துக்குப் போய் நாகலிங்கத்திடம் சொன்னேன்.

அவனை நீ கண்டதில்லை. வல்வெட்டித்துறைக் கடலோடிக் குடும்பத்துப் பிள்ளை. படகு மெசின் திருத்துகிறவன். ராணி காங்கேசன்துறையில் வந்து இறங்கும்போது தலையணை உறைக்குள் நாலு சுத்தியலைத் தவிர வேறெதுவும் கொண்டு வரவில்லை. அவளுக்குத் தன் பட்டறையில் பாதியை ஒதுக்கிக் கொடுத்தவன் இவன். முதலில் அவள் கோயில்களுக்கும் தேவாலயங்களுக்கும் விளக்குச் செய்தாள். தொண்ணூறுக்குப் பிறகு கால்கள்தான். ஷெல்லில் கால் போனவர்களுக்குச் செயற்கைக் காலுக்கான முழங்கால் மூட்டு. பழைய சைக்கிளின் இரும்பும் படகு மெசினின் பித்தளையும் கலந்து செய்வாள். மற்ற இடத்துக் கால்கள் நீட்டியபடி நிற்கும். இவள் செய்த கால் மடங்கும். போட்டவர் பூசையில் முழந்தாளிடலாம்.

ஒவ்வொரு மூட்டிலும் உளியால் மெல்லிய அலைக் கோடு ஒன்று போடுவாள். ஒருநாள் நானே கேட்டேன், "வேட்டிக்குள்ளை மறையிற சாமானுக்கு எதுக்கடி உந்தப் பூவேலை?" என்று. "போடுறவருக்குத் தெரியும்தானே அக்கா" என்றாள்.

நாகலிங்கம் செய்துகொண்டிருந்த வேலையைக் கீழே வைத்தான். பிறகு கையைத் துடைத்துவிட்டு, "ரீச்சர், நானே கொண்டு போறன். அவவின்ரை சாமானை வேற ஆக்களின்ரை கையிலை குடுக்கேலாது" என்றான். அவன் மனைவி பத்மாசினிக்கு முகம் கறுத்துவிட்டது. ஆனாலும் தடுக்கவில்லை.

ஆகவே எனக்குச் சம்மதம். சுனேத்திராவிடம் சொல்லு.

ஆசீர்வாதத்துடன்,
அக்கா

*

வெள்ளவத்தை
14.03.1995

அன்புள்ள அக்காவுக்கு,

சுகம். உங்கள் சுகத்துக்காக யோசப்பின் ஒன்பது நாள் செபம் தொடங்கியிருக்கிறாள்.

நாகலிங்கம் அண்ணை பெட்டியோடு பத்திரமாக வந்து சேர்ந்தார். மூன்று நாள் எங்களோடு தங்கினார். வழியில் பெட்டியைத் திறந்து பார்த்தவர்கள்கூட விளக்கைத் தடவிப் பார்த்துவிட்டுச் சிரித்துக்கொண்டு விட்டார்களாம். சுனேத்திராவுக்கு அவரோடு பேசத் தமிழ் இல்லை, அவருக்குச் சிங்களம் இல்லை. இரண்டு பேரும் தரையில் உட்கார்ந்து முழங்கால் மூட்டைக் கழற்றிப் பூட்டிக் கழற்றிப் பூட்டி மத்தியானச் சாப்பாட்டையே மறந்து போனார்கள். அலைக் கோட்டைக் கண்டதும் அவள் வீட்டுக்கு ஓடிப்போய்த் தன்னுடைய பழைய வெள்ளிக் காப்பைக் கொண்டு வந்தாள். ராணி படிக்கிற காலத்தில் செய்து கொடுத்தது. அதிலும் அதே கோடு.

மண்டபம் பேசியாகிவிட்டது. அழைப்பிதழ் மூன்று மொழியிலும். ராணி எனக்கு அனுப்பி வைத்திருந்த வரைபடங்கள் முழுவதையும் சட்டம் போடக் கொடுக்கப் போகிறோம்.

சுனேத்திரா ஒன்று கேட்கிறாள். முழங்கால் மூட்டை மட்டும் மேசையில் வைத்தால் பார்க்கிறவர்களுக்கு விளங்காது. யாராவது போட்டு நடந்த முழுக் கால் ஒன்று வேண்டும். கிடைக்குமா?

உங்கள் தம்பி,
செபநாயகம்

*

நல்லூர்
08.04.1995

அன்புள்ள தம்பிக்கு,

எல்லோரும் நலம். தபால் இவ்வளவு கெதியாக வருவது என் வயதுக்குப் புதினம்.

நாகலிங்கம் கொழும்புப் புதினத்தைச் சொல்லி முடிக்கவில்லை. "அந்தச் சிங்களப் பொம்பிளைப்பிள்ளை, ரீச்சர், அசல் எங்கடை ராணி அக்கா மாதிரியே நட்டைப் பல்லாலை கடிக்குது!" என்று பட்டறைக்கு வருகிற எல்லோருக்கும் சொல்கிறான்.

கால் கேட்டாய் அல்லவா. குருநகருக்குப் போனேன். சந்தியோகு அண்ணையை உனக்குத் தெரியும். நம் அப்புவோடு கடல் தொழிலுக்குப் போனவர். ராணி முதன்முதல் செய்த கால் அவருடையது. வெட்கத்தோடுதான் வாய் திறந்தேன். ஒரு மனிதனிடம் போய் உன் காலைக் கழற்றித் தா என்று எப்படிக் கேட்பது?

அவர் யோசிக்கவே இல்லை. "கொண்டு போ பிள்ளை. எத்தினை நாளைக்கு? திருவிழாவுக்குத் திரும்பி வந்திடும்தானே? அதுமட்டும் நான் கக்கத்துத் தடியோடை திரிவன்" என்றார். மகள் லூர்த்தம்மா, "அப்பு, பெரிய வெள்ளி வருது, எப்படி முழந்தாளிலை நிப்பியள்?" என்று கேட்டாள். "ஆண்டவருக்குத் தெரியும் என்ரை கால் எங்கை போயிருக்குதெண்டு" என்றார். நாங்கள் மூவரும் சிரித்தோம்.

பெரிய வெள்ளி கழியட்டும் என்று நான்தான் சொன்னேன்; பிறகு அவரே கொண்டு வந்து தருவார். சித்திரைக் கடைசியில் நாகலிங்கம் இரண்டாவது பெட்டியோடு புறப்படுவான்.

உயிர்த்த ஞாயிறு வாழ்த்துகள் இருவருக்கும்.

அக்கா

*

வெள்ளவத்தை
03.06.1995

அன்புள்ள மச்சாளுக்கு,

யோசப்பின் எழுதுகிறேன். நீங்கள் எப்படி இருக்கிறீர்களோ என்று இரவு பகலாக நினைத்துக்கொண்டிருக்கிறோம். சண்டை திரும்பத் தொடங்கிய நாளிலிருந்து உங்களிடமிருந்து ஒன்றும் வரவில்லை.

அவருக்குக் கொஞ்சம் காய்ச்சல். கை நடுங்குவதால் என்னை எழுதச் சொன்னார். பயப்பட ஒன்றுமில்லை. கண்காட்சி தள்ளிப் போயிருக்கிறது. அவர் எழும்பியதும் விபரமாக எழுதுவார்.

உங்கள் செபத்தில் அவரை மறக்க வேண்டாம்.

அன்புடன்,
யோசப்பின்

*

நல்லூர்
16.07.1995

அன்புள்ள தம்பிக்கு,

யோசப்பினின் கடிதம் நேற்றுத்தான் கிடைத்தது. கப்பல் வந்தால் தபால், வராவிட்டால் இல்லை. ஆறு கிழமைக்கு முந்திய காய்ச்சல் இப்போது எப்படி? ஒரு வரியாவது உன் கையெழுத்தில் எழுது. நான் சுகம் என்றே வைத்துக்கொள்.

இந்த மாதம் வலிகாமத்துச் சனம் முழுவதும் வீதிக்கு வந்தது. நாகலிங்கமும் பத்மாசினியும் இரண்டு பெண் பிள்ளைகளும் இப்போது என் வீட்டில். பட்டறைக் கூரையில் ஷெல் விழுந்துவிட்டது. ராணியின் அச்சுகளும் பட்டடையும் மண்ணுக்குள். அவன் கையால் தோண்டி எடுத்தவையும் சந்தியோகு அண்ணையின் காலும் என் கட்டிலின் கீழ் இருக்கின்றன.

அவற்றைக் கொழும்புக்குக் கொண்டு வர வேண்டும் என்று நாகலிங்கம் ஒற்றைக் காலில் நிற்கிறான். "இஞ்சை கிடந்தால் ஒருநாளைக்கு எல்லாம் பொடிப்பொடியாய்ப் போயிடும் ரீச்சர். அங்கை சேர்த்தால் அவவின்ரை பேர் ஒரு இடத்திலையாவது இருக்கும்" என்கிறான். சந்தியோகு அண்ணையிடம் காலைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். "வாக்குக் குடுத்திட்டன், பிறகென்ன" என்று வாங்க மறுத்துவிட்டார்.

எனக்கு மனம் ஒப்பவில்லை. நீ இருக்கிற இடத்திலிருந்து பார்த்துச் சொல்லு. அனுப்பலாமா, வேண்டாமா? உன் கடிதம் வரும்வரை அவனை மறித்து வைத்திருப்பேன்.

அக்கா

*

வெள்ளவத்தை
20.07.1995

அன்புள்ள அக்காவுக்கு,

காய்ச்சல் விட்டுவிட்டது. கொஞ்சம் இளைத்திருக்கிறேன், வேறொன்றுமில்லை. யாழ்ப்பாணத்துச் செய்திகளை வானொலியில் கேட்டுக் கலங்கிப் போய் இருக்கிறோம். நீங்கள் உயிரோடு இருக்கிறீர்கள் என்று ஒரு வரி வந்தால் போதும்.

கண்காட்சியைப் பற்றி நீங்கள் கவலைப்பட வேண்டாம். நாகலிங்கம் அண்ணை கொண்டு வந்தவை எல்லாம் ஒரே இடத்தில் பத்திரமாக இருக்கின்றன. வரைபடங்களும் அப்படியே. சுனேத்திரா எங்களுக்காக நிறையச் செய்திருக்கிறாள். காலம் சரிவரும்போது செய்யலாம்.

நாகலிங்கம் அண்ணையைக் கேட்டதாகச் சொல்லுங்கள். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

தம்பி,
செபநாயகம்

*

நல்லூர்
24.08.1995

அன்புள்ள தம்பிக்கு,

உன் கையெழுத்தைக் கண்டதும் எனக்குப் பாதி உயிர் திரும்பியது. எழுத்து முன்னைப் போல நேராக இல்லை. ஆட்டிறைச்சிச் சூப் வைத்துத் தரச் சொல்லி யோசப்பினிடம் சொல்லு.

நான் கேட்டதற்கு நீ நேராகப் பதில் எழுதவில்லை. எல்லாம் பத்திரம், கவலை வேண்டாம், சுனேத்திரா நிறையச் செய்கிறாள் என்று எழுதியிருந்தாய். கடிதங்களை இப்போது உடைத்துப் பார்க்கிறார்கள், அதனால்தான் அனுப்பச் சொல்லித் தம்பி சாடையாகச் சொல்கிறான் என்று நானும் நாகலிங்கமும் எடுத்துக்கொண்டோம்.

அவன் நேற்று முன்தினம் காலையில் புறப்பட்டான். கிளாலியில் படகேறி வன்னியால் வருவான். செயற்கைக் காலைச் சாக்கில் சுற்றி, மூட்டுகளையும் அச்சுகளையும் கீழே அடுக்கி, மேலே பனங்கட்டி நிரப்பிய ஓலைக் குட்டான்களை வைத்தோம். பத்மாசினி வாசற் படலைவரை போனாள். "வந்து சேர்ந்ததும் தந்தி அடியுங்கோ" என்றாள். "அடிக்கிறன், அடிக்கிறன். உள்ளுக்குப் போ, வெயில்" என்றான்.

அவன் வந்ததும் உடனே தந்தி அனுப்பச் சொல்லு. அவள் சாப்பிடுகிறாள் இல்லை.

அக்கா

*

வெள்ளவத்தை
15.09.1995

அக்கா,

உங்கள் கடிதங்கள் இரண்டும் நேற்று ஒன்றாகக் கிடைத்தன. யூலையில் எழுதியதும் ஓகஸ்டில் எழுதியதும். நான் யூலையில் எழுதியபோது உங்கள் கேள்வி எனக்குக் கிடைத்திருக்கவில்லை. நாகலிங்கம் அண்ணை வரவில்லை. இந்தக் கடிதத்தை மடு மாதா கோயிலுக்குப் போகும் ஒரு சுவாமியாரின் கையில் கொடுத்து விடுகிறேன், ஆகவே உள்ளதை எழுதுகிறேன்.

எனக்குக் காய்ச்சல் வரவில்லை. மே மாதம் பொலிசார் வீடு வீடாகச் சோதித்தபோது ராணியின் பெட்டியையும் வரைபடச் சுருளையும் கண்டார்கள். மூட்டு, சுருள்வில், திருகாணி, எல்லாவற்றுக்கும் அளவு போட்ட படங்கள். இது எந்த ஆயுதத்தின் பாகம் என்று கேட்டார்கள். முழங்கால் என்றேன். அடித்தார்கள். திரும்பவும் கேட்டார்கள், திரும்பவும் முழங்கால் என்றேன். இரண்டு மாதம் உள்ளே இருந்தேன்.

சுனேத்திரா ஒவ்வொரு நாளும் வந்து வாசலில் நின்றிருக்கிறாள். கடைசியில் அதிகாரியின் மேசை முன்னால் ஒரு முழங்கால் மூட்டைத் தன் காலோடு வைத்துப் பிடித்து முழந்தாளிட்டுக் காட்டினாளாம். என்னை விட்டார்கள். பொருட்களை விடவில்லை. பத்திரமாக ஒரே இடத்தில் இருக்கின்றன என்று நான் எழுதியது அந்த இடத்தைத்தான்.

அவளும் இப்போது வருவதில்லை. யூலைச் சண்டையில் படையில் இருந்த அவளுடைய தம்பி வடக்கில் இறந்தான். சா வீட்டுக்குப் போனேன். படலையில் நின்று என்னைப் பார்த்தாள். படலையைத் திறக்கவில்லை. நான் திரும்பி வந்துவிட்டேன்.

உங்களைக் கலங்க வைக்கக் கூடாது என்று நினைத்தேன். வேறு ஒன்றும் நினைக்கவில்லை, அக்கா. அவர் புறப்படுவார் என்று நான் நினைக்கவே இல்லை.

தேடுகிறேன். அவர் எங்கேயாவது தங்கியிருந்தால் நிறுத்துங்கள். சாமான்களைக் கடலில் போடச் சொல்லுங்கள்.

செபநாயகம்

*

நல்லூர்
12.10.1995

தம்பி செபநாயகத்துக்கு,

உன் கடிதம் சுவாமியார் மூலம் கிடைத்தது.

அடி வாங்கிய உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்க வேண்டும். கேட்கிறேன். ஆனால் என் மனம் ஒன்றிலேயே நிற்கிறது. நான் கேட்காமலே, "இனி ஒன்றும் அனுப்ப வேண்டாம்" என்று ஒரு சொல் எழுதியிருக்கலாம், தம்பி. அதை எந்தச் சோதனைச் சாவடியில் உடைத்துப் பார்த்தால்தான் என்ன?

அவனோடு படகில் போன ஒரு வியாபாரி திரும்பி வந்தார். வன்னியைத் தாண்டிய பிறகு ஒரு சோதனைச் சாவடியில் சாக்கை அவிழ்த்தார்களாம். காலை வெளியே எடுத்ததும் நாகலிங்கம் தன் சாரத்தை மடித்துக் கட்டி, எப்படி மடங்கும் என்று செய்து காட்டத் தொடங்கினானாம். அடியில் இருந்த அச்சுகளைக் கண்டதும் இரண்டு பேர் பிடித்து வாகனத்தில் ஏற்றினார்கள். அவ்வளவுதான் அவர் கண்டது.

பத்மாசினிக்கு அதுவரை சொன்னேன். அவனைத் தேடிக் கண்டுபிடி. வேறு எதுவும் எழுத வேண்டாம்.

கத்தரீனா

*

வெள்ளவத்தை
20.11.1995

அன்புள்ள அக்காவுக்கு,

நீங்கள் சாவகச்சேரிப் பங்கில் இருப்பதாகக் குருமார் மூலம் அறிந்தேன். யாழ்ப்பாணம் முழுவதும் ஒரே இரவில் வெளியேறியதாகச் சொல்கிறார்கள். உங்கள் கால் வீக்கத்தோடு நாவற்குழிப் பாலத்தை எப்படிக் கடந்தீர்கள்?

போகக் கூடிய எல்லா இடத்துக்கும் போனேன். தடுப்பு முகாம்களில் நாகலிங்கம் என்று ஒரு பெயரே இல்லை என்கிறார்கள். மூன்றாவது முறையும் போனதால் இனி வந்தால் நீயும் உள்ளேதான் என்றார்கள். பிறகு விடுதலையான ஒருவரைச் சந்தித்தேன். மூட்டு, முழங்கால் என்று சொல்லிக்கொண்டே இருந்த மனிதர் ஒருவர் தன்னோடு ஒரே கூடத்தில் இருந்தார் என்றார். செப்டெம்பர் முதல் கிழமை அவரைத் தூக்கிக்கொண்டுதான் வெளியே கொண்டு போனார்கள், அப்போது மூச்சு இருந்ததாகத் தனக்குத் தெரியவில்லை என்றார். பிறகு கொண்டு வரவில்லை.

இதை உங்களுக்கு மட்டும் எழுதுகிறேன். பத்மாசினி அக்காவிடம் சொல்வதா இல்லையா என்பதை நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும். எனக்கு அந்தத் தகுதி இல்லை.

யோசப்பின் உங்களுக்காக அழுகிறாள்.

செபநாயகம்

*

சாவகச்சேரி
16.12.1995

அன்புள்ள தம்பிக்கு,

நான் உயிரோடு இருக்கிறேன். பள்ளிக்கூடம் ஒன்றின் வகுப்பறையில் பதினொரு குடும்பம். மழை நின்றுவிட்டது. பத்மாசினியின் சின்னவளுக்கு வயிற்றோட்டம், இப்போது பரவாயில்லை. போன கடிதத்தில் நான் கடுமையாக எழுதியதை மனதில் வைத்திராதே. நீயும் என் பிள்ளைதான்.

நாவற்குழிப் பாலத்தில் மழைக்குள் அடி வைக்க இடமில்லாமல் நின்றோம். குருநகர்ச் சனத்துக்குள் சந்தியோகு அண்ணையைக் கண்டேன். கக்கத்துத் தடி சேற்றில் புதைந்து புதைந்து, இனி ஏலாது என்று வீதியோரத்தில் இருந்துவிட்டார். லூர்த்தம்மா பக்கத்தில் நின்று போகிற சைக்கிள்காரரை எல்லாம் மறித்துக் கெஞ்சிக்கொண்டிருந்தாள். யார் நிற்பார்கள்? என்னைக் கண்டார். நான் தலையைக் குனிந்தேன். "நீ நட பிள்ளை, நட. நான் ஆறுதலாய் வாறன்" என்றார். கால் எங்கே என்று கேட்கவில்லை. மூன்று நாள் கழித்து லூர்த்தம்மா மட்டும் வந்து சேர்ந்தாள். அவரை வீதியோரத்திலேயே அடக்கம் செய்துவிட்டு வந்திருந்தாள்.

உன் கடிதம் போன செவ்வாய் வந்தது. தபால் வந்ததைப் பத்மாசினி கண்டுவிட்டாள். பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு என் முன்னால் வந்து இருந்தாள். "வாசியுங்கோ ரீச்சர்" என்றாள்.

முப்பது வருடம் பள்ளிக்கூடத்தில் வாசித்த எனக்கு அன்றைக்கு வாசிப்பு வரவில்லை. என் கால் வீக்கத்தை நீ விசாரித்ததை வாசித்தேன். பாலத்தைப் பற்றிக் கேட்டதை வாசித்தேன். அடுத்த வரி வந்ததும் என் வாய் தானாகவே, "நாகலிங்கம் அண்ணையைக் கண்டேன்" என்று வாசித்தது.

"கண்டவரோ?" என்றாள்.

"ஓம். கண்டவனாம். தூரத்திலை நிண்டுதான் பாக்க விட்டவையாம். மெலிஞ்சு போனாராம். பிள்ளையளைக் கேட்டவராம்."

"என்ன உடுப்புப் போட்டிருந்தவர் எண்டு எழுதியிருக்கோ?"

கடிதத்தின் மறுபக்கத்தைத் திருப்பினேன். அங்கே ஒன்றும் எழுதியிருக்கவில்லை. "வெள்ளைச் சேட்" என்றேன்.

அவள் பிள்ளையை இறுக்கிப் பிடித்தாள். "அது நான் குடுத்து விட்டது ரீச்சர். உடுப்புப் பையிலை அடியிலை வைச்சு விட்டனான். அப்ப அவர்தான்" என்றாள். எழுந்து போய், அந்த வகுப்பறையில் இருந்த ஒவ்வொருவரிடமும் சொன்னாள். அன்றைக்குத்தான், இங்கு வந்த பிறகு முதல்முதலாக, அவள் முகம் கழுவித் தலை சீவினாள்.

இனி என்னால் திருப்பி எடுக்க முடியாது. அவள் இன்னும் கேட்பாள். ஒவ்வொரு தபாலுக்கும் வந்து முன்னால் இருப்பாள். ஆகவே, தம்பி, இனி நீ எழுதும்போது எனக்கு வேறாக ஒரு தாளும், அவளுக்கு வாசித்துக் காட்ட வேறாக ஒரு தாளும் எழுது. என் தாளை உள்ளே மடித்து வை. அவளுடைய தாளில், அவர் கொஞ்சம் தேறியிருக்கிறார், சாப்பாடு கொடுக்கிறார்கள் என்று எழுது.

அவர் போட்டிருந்தது வெள்ளைச் சேட். அதை மட்டும் மாற்றி எழுதிவிடாதே.

உனக்காகச் செபிக்கும்,
அக்கா